பாச்சிரிசு எப்படி ஜெயித்தது?

போக்கிமான் விளையாடுகிறவர்களுக்கும் இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கும் பொதுவாக ஒரு வியாதி உண்டு. பட்டியல் போடுவது. அவர்கள் எஸ், ஏ, பி, சி, டி என்று அடுக்கு கட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜீவராசிகளை அதில் ஏற்றி இறக்குவார்கள். நாம் தலைசிறந்த பத்து நாவல்கள் என்று ஒன்றைப் போட்டுவிட்டு, பதினொன்றாவதாக நின்றுவிட்டவருக்காக ஒரு வாரம் ஃபேஸ்புக்கில் சண்டை போடுவோம். இரண்டு கூட்டத்திலும் எனக்கு இடம் உண்டு என்பதால் சொல்கிறேன்: பட்டியலை எப்படிச் சந்தேகப்படுவது என்பதை அந்தக் கூட்டம் நம்மைவிட நன்றாகக் கற்றிருக்கிறது. தோற்றுத் தோற்றுக் கற்றிருக்கிறது.

'அணி' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். கால்பந்துக் குழுவும் அணிதான், நகையும் அணிதான், போருக்கு நிற்கும் படையின் வரிசையும் அணிதான். கவிதையில் உவமை, உருவகம் எல்லாமும் அணிதான். தண்டியலங்காரம் முழுக்க அதைப் பற்றித்தான். ஒரு உவமையைத் தனியே பிய்த்து எடுத்து "இது எத்தனை மார்க்?" என்று யாரும் கேட்பதில்லை. அது நிற்கிற பாட்டில் என்ன செய்கிறது என்றுதான் கேட்போம். போக்கிமானில் அணி சேர்ப்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். ஆனால் அங்கே தப்பான பதிலுக்கு உடனே தண்டனை கிடைத்துவிடும்.

விளையாடாதவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996இல் ஜப்பானில் கேம் பாயில் தொடங்கிய விளையாட்டு இது. பிக்காச்சு, கார்ட்டூன், சட்டையில் படம் என்று நமக்கெல்லாம் பழக்கம். ஆனால் 2009இலிருந்து இரட்டையர் முறையில் உலகப் போட்டி நடக்கிறது. அந்த உலகம் வேறு. ஒருவர் ஆறு போக்கிமான்களைக் கொண்டுவர வேண்டும். ஒரே இனம் இரண்டு வரக்கூடாது. கையில் பிடிக்கும் பொருளும் ஒன்றுபோல் இரண்டு இருக்கக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் நான்கு அசைவுகள், ஒரு தனித்திறன். நெருப்பு, நீர், மின்சாரம் என்று மொத்தம் 18 வகைகள். ஒன்றை ஒன்று வெல்லும், ஒன்றுக்கு ஒன்று தோற்கும். ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் ஆறையும் பார்க்கலாம். பார்த்துவிட்டு நம் ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் ஒரு நேரத்தில் இரண்டு நிற்கும்.

ஒவ்வொரு போக்கிமானுக்கும் உயிர், தாக்குதல், தற்காப்பு, வேகம் என்று ஆறு எண்கள் இருக்கின்றன. கூட்டினால் ஒரு மொத்தம் வரும். பட்டியல் போடுகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். கார்ச்சோம்ப் என்ற டிராகனுக்கு 600. பாச்சிரிசு என்ற மின்சார அணிலுக்கு 405. பாச்சிரிசுவை நம் ஊர்ப் பிள்ளைகள் 'பச்சரிசி' என்று கூப்பிடாமல் இருந்தால்தான் அதிசயம்.

2014 ஆகஸ்ட், வாஷிங்டன். உலகப் போட்டியின் பெரியவர் பிரிவு இறுதி ஆட்டத்துக்குத் தென்கொரியாவின் சேஜுன் பார்க் வந்தபோது அவருடைய ஆறில் ஒன்று இந்தப் பச்சரிசி. அந்த ஆட்டத்தில் அவர் ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். அன்றைக்கு அந்த அணில் வாங்கிய அடியையும் வாங்கிவிட்டு நின்றதையும் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கதையைப் பலரும் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? "பலவீனமானதும் ஜெயிக்கும், அன்புதான் முக்கியம்." இதற்கு வேறொரு சாட்சியும் காட்டுவார்கள். 1999இல் வந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் கேரன் என்ற பாத்திரம், பலமானது பலவீனமானது என்பதெல்லாம் மனிதர்களின் சுயநலப் பார்வை, பிடித்தவற்றோடு ஜெயிக்கப் பாருங்கள் என்கிற மாதிரி ஒன்று சொல்லும். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. பாச்சிரிசுவுக்கு மட்டும் இந்த விளக்கம் நியாயம் செய்யவில்லை. அது அன்பினால் ஜெயித்தது என்று சொன்னால், அது செய்த வேலையை நாம் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அதன் நான்கு அசைவுகள்: ஃபாலோ மீ, நஸல், சூப்பர் ஃபேங், புரொடெக்ட். ஃபாலோ மீ போட்டால், பக்கத்தில் நிற்கும் தோழனைக் குறிவைத்த அடி அணிலிடம் திரும்பும். நஸல் மெல்லிய அடி, ஆனால் பட்டவரை முடக்கிவிடும், வேகம் விழுந்துவிடும். சூப்பர் ஃபேங் எதிரியிடம் மிச்சமிருக்கும் உயிரில் பாதியை எடுக்கும். புரொடெக்ட் அந்தச் சுற்றில் தன்னைக் காக்கும். இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? பாச்சிரிசுவின் தாக்குதல் எண் வெறும் 45. இந்த நான்கில் எதற்கும் அந்த எண் பெரிதாகத் தேவையே இல்லை. பாதி உயிரை எடுக்கிற பல், கடிப்பவன் எவ்வளவு பலசாலி என்று கேட்பதில்லை. பட்டியலில் அதைக் கீழே தள்ளிய எண்ணை சேஜுன் பார்க் ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்.

அடுத்தது தனித்திறன். வோல்ட் அப்ஸார்ப்: மின்சார அடி பட்டால் காயம் ஆகாது, உயிர் ஏறும். அவருடைய ஆறில் பெரிய அடி கியாரடோஸிடம் இருந்தது. நீரும் பறத்தலும் சேர்ந்த உடம்பு. மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு வலி. மெகா உருவம் எடுத்த பின்னும் இரண்டு மடங்கு. கியாரடோஸைக் கொல்ல எதிராளி மின்சாரத்தை எடுத்தால், பச்சரிசி குறுக்கே போய் அதைக் குடித்துவிடும். எதிரியின் சரியான பதிலையே பயனற்றதாக ஆக்குகிற ஏற்பாடு இது.

இறுதி ஆட்டத்தில் ஹைட்ரேகன் என்ற மூன்றுதலை டிராகன் டிராகோ மீட்டியோர் என்ற பயங்கர அடியை இறக்கியது. பாச்சிரிசு சாகவில்லை. அரங்கத்தின் கூச்சல் அதற்குத்தான். ஆனால் டிராகோ மீட்டியோருக்கு ஒரு விலை உண்டு: அடித்தவரின் சிறப்புத் தாக்குதல் இரண்டு படி இறங்கிவிடும். எதிராளி தன் மிகப் பெரிய செலவை ஒரு அணில்மேல் செலவழித்துவிட்டார். பக்கத்தில் நின்ற தோழன்மேல் அந்த அடி விழவில்லை. இதை அன்பு என்று சொல்லலாம்தான். ஆனால் அது கால்குலேட்டரோடு உட்கார்ந்து போட்ட அன்பு. எந்த அடியைத் தாங்க எத்தனை புள்ளி வேண்டும் என்று முன்னாடியே எண்ணிவைத்தால்தான் அணில் அப்படி நிற்கும்.

பின்னர் நிறுவனமே அந்தப் பாச்சிரிசுவை ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. நல்ல நினைவுப் பொருள். மற்ற ஐந்து அதோடு வரவில்லை. பாட்டைக் கொடுக்காமல் உவமையை மட்டும் வெட்டிக் கொடுத்த கதைதான்.

இப்போது பட்டியலின் மறுகோடிக்குப் போவோம். ஸ்லாக்கிங் என்று ஒரு சோம்பேறிக் குரங்கு இருக்கிறது. மொத்தம் 670. கார்ச்சோம்பையே தாண்டிய எண். ஆனால் அதன் தனித்திறன் ட்ரூவன்ட்: ஒரு சுற்று அடித்தால் அடுத்த சுற்று சும்மா இருக்கும். அதனால் அதை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் வீசிங் என்ற புகைமூட்டப் போக்கிமான் பக்கத்தில் நின்றால் கதை மாறிவிடும். அதன் நியூட்ரலைசிங் கேஸ் களத்தில் நிற்பவர்களின் தனித்திறன்களை அணைத்துவிடும். ஸ்லாக்கிங்கின் சோம்பலும் அணையும். ஒருவரின் குறையைப் பக்கத்தில் நிற்பவர் நீக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது. விலையும் உண்டு. அந்தப் புகை நம் மற்ற ஆட்களின் நல்ல திறன்களையும் சேர்த்து அணைக்கும். வீசிங் விழுந்தால் குரங்கு மறுபடியும் படுத்துவிடும். அணி சேர்ப்பதில் இலவசம் என்று எதுவும் கிடையாது.

எல்லாம் குறளில் இருக்கிறது என்று பெருமை பேசும் கட்டுரைகள் எனக்கும் அலுத்துவிட்டன. ஆனாலும் பொருட்பாலில் 48 முதல் 52 வரையுள்ள ஐந்து அதிகாரங்களின் வரிசையைப் பாருங்கள்: வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல். பலம் ஒரே ஒரு அதிகாரம். அதை அறிந்து முடித்த பிறகு காலம், இடம், ஆளைத் தேர்வது, தேர்ந்தவருக்கு வேலை கொடுப்பது என்று இன்னும் நான்கு இருக்கின்றன. பட்டியல் போடுகிறவர் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்.

காலமறிதலில் காக்கை பகலில் ஆந்தையை வெல்லும். போக்கிமானில் அந்தப் பகலை நாமே உண்டாக்கலாம். டோர்கோல் என்ற ஆமை களத்தில் இறங்கினாலே வெயில் வரும், ஐந்து சுற்றுக்கு. பக்கத்தில் வீனசோர் நின்றால் வெயிலில் அதன் வேகம் இரட்டிப்பாகும். டோர்கோலின் எரப்ஷன் எதிரிகள் இருவரையும் சேர்த்து எரிக்கும். ஆனால் முழு உயிரோடு இருந்தால்தான் முழு பலம், அடி வாங்க வாங்கக் குறையும். ஆமையின் வேகமோ 20. அது வாயைத் திறக்கும் முன் நாலு அடி விழும். அப்போ என்ன செய்வது? வெயிலில் வேகமான வீனசோர் முந்திப்போய் எதிரியைத் தூங்கவைக்கலாம். அல்லது டிரிக் ரூம் தெரிந்த ஒருவரைச் சேர்க்கலாம். அது போட்டால், போட்ட சுற்றையும் சேர்த்து ஐந்து சுற்றுக்கு மெதுவானவர்தான் முதலில் நகர்வார். 20 என்ற வேகம் அப்போது வரம். ஒரே எண் ஒரு காலத்தில் சாபம், இன்னொரு காலத்தில் சொத்து.

சரி, பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள்? இன்சினரோர் என்ற நெருப்புப் புலியை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காகப் போட்டிகளில் அதிகம் தென்படும் முகங்களில் ஒன்று. மொத்தம் 530, அப்படியொன்றும் பெரிய எண் இல்லை. அது களத்தில் இறங்கியதும் எதிரிகளின் தாக்குதல் ஒரு படி இறங்கும். ஃபேக் அவுட் போட்டால் இறங்கிய சுற்றில் ஒரு எதிரி அசையவே முடியாது. பார்ட்டிங் ஷாட் போட்டால் எதிரியை இன்னும் பலவீனமாக்கிவிட்டுத் தன் இடத்தைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறும். முதல் வரிசையில் இருப்பவரின் வேலையும் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவருக்கு வழி விடுவதுதான்.

இதெல்லாம் வெறும் கோட்பாடு இல்லை என்பது கூலாயில் ஒரு ராத்திரி உறைத்தது. விடியுமுன் பைக்கில் சிங்கப்பூர் போய், இருட்டியபின் திரும்புகிற தம்பி ஒருவன். மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, சுவிட்சை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, இது டாப் பிளேயரோட டீம்ணே. கோட் போட்டு எடுத்தேன். ஆனா தோத்துக்கிட்டே இருக்கேன்."

"மூணாவது நிக்குதே, அது எதுக்கு?"

"தெரியலண்ணே. அதுல இருந்துச்சு."

2019இல் வந்த சுவோர்ட், ஷீல்டிலும், 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலட்டிலும் ஒரு குறியீட்டைத் தட்டினால் இன்னொருவரின் ஆறையும் வாடகைக்கு எடுத்து ஆடலாம். எனக்கு அந்த வசதியின்மேல் கோபம் இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு ஒவ்வொன்றையும் வளர்த்தெடுக்க நேரம் ஏது? பிறர் அணியை ஆடிப் பார்ப்பது நல்ல கவிதையை மனப்பாடம் செய்வது மாதிரி. எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். சிக்கல் "அதுல இருந்துச்சு" என்பதில்தான். அந்தப் பதிலை நம் கவிதைகளிலும் பார்க்கிறேன். ஏன் வரியை இங்கே உடைத்தாய்? மற்ற கவிதைகளில் அப்படி இருந்துச்சு. ஏன் கடைசியில் ஒரு பூனை? இருந்துச்சு.

அந்தத் தம்பியோடு அன்றைக்கு மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்த்தோம். முதலில், இந்த ஆறில் எந்த இரண்டு நீ விரும்புகிற ஆட்டத்தை ஆடுகிறது? அந்த ஜோடிதான் அணியின் கரு. இரண்டாவது, அந்த ஜோடியை எது கொல்லும்? அதற்குப் பதில் சொல்லத்தான் மூன்றாவதும் நான்காவதும். மூன்றாவது, இந்த ஜோடியை வெளியே எடுக்கவே முடியாத நாளில் எப்படி ஜெயிப்பாய்? ஐந்தும் ஆறும் அதற்கு. பிறகு குறுக்கே சரிபார்க்க வேண்டும்: இருவர் ஒரே வேலையைச் செய்கிறார்களா? ஒருவரின் அடி பக்கத்தவர்மேலும் படுகிறதா? கார்ச்சோம்ப் எர்த்குவேக் போட்டால் அதிர்வு நம் ஆளுக்கும்தான். பக்கத்தில் பறக்கிற ஒன்றை நிறுத்தாவிட்டால் எதிரிக்கு வேலை மிச்சம். மூணாவது எதற்கு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவன் தோற்றபோது, எதனால் தோற்றோம் என்று அவனால் சொல்ல முடிந்தது.

ஆறில் நான்குதான் களமிறங்கும் என்றேன் அல்லவா? மிச்சம் இரண்டு சும்மா இருப்பதில்லை. எதிராளி ஆறையும் பார்த்துவிட்டார். அந்த இரண்டும் வந்துவிடுமோ என்று பயந்துதான் தன் நான்கைத் தேர்கிறார். வராதவர்களும் ஆட்டத்தை நடத்துகிறார்கள். சிறுகதையில் எழுதாமல் விட்டதின் எடையைப் பற்றிப் பேசுகிற நமக்கு இது புதிதாக இருக்காது.

இவ்வளவு ஆர்வமாக இதை எழுதுவதற்குக் காரணம் விளையாட்டு மட்டும் இல்லை. பட்டியலுக்குள் வளர்ந்தவர்கள் நாம். ஆண்டிறுதிச் சோதனை மதிப்பெண்ணைப் பார்த்து அடுத்த வருஷ வகுப்பைப் பிரிப்பார்கள். வகுப்புக்கு மல்லிகை என்று பூவின் பெயர் வைத்தாலும், கம்பர் என்று புலவர் பெயர் வைத்தாலும், எது கடைசி வகுப்பு என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். யூபிஎஸ்ஆர் சோதனை 2021இல் ஒழிந்தது. "எத்தனை ஏ?" என்று கேட்கிற வாய் ஒழிந்துவிட்டதா? கடைசி வகுப்பில் இருந்தவனுக்கு நாம் சொல்கிற ஆறுதலும் பச்சரிசிக் கதை மாதிரிதான்: "மனசு வெச்சா நீயும் ஜெயிக்கலாம்." அவன் எதில் தேர்ந்தவன், அது யாருக்குப் பக்கத்தில், எந்த நேரத்தில் தேவைப்படும் என்று உட்கார்ந்து யோசிக்க எவரும் அரை மணி நேரம் செலவழிப்பதில்லை.

கூலாயைச் சுற்றி எண்ணெய்ப்பனை. பக்கத்து ஊரின் பெயரே கெலாப்பா சாவிட். செம்பனைக் காட்டில் ஒருவர் நீளக் கொக்கியால் குலையை வெட்டித் தள்ளுவார், இன்னொருவர் கீழே சிதறிய பழங்களைப் பொறுக்குவார். பல இடங்களில் புருஷனும் பெண்டாட்டியும். எண்ணெய் அந்த உதிரிப் பழத்திலும் இருக்கிறது. பழுத்து உதிர்ந்தது அல்லவா? ஆனால் உயரமான மரத்தை வெட்டியவரின் கைத்திறனைத்தான் ஊர் பேசும். குனிந்தே இருந்தவரைப் பற்றி எனக்குத் தெரிந்து எந்தப் பட்டியலும் பேசியதில்லை.

இங்கே ஒரு எல்லையும் போட வேண்டியிருக்கிறது. போக்கிமானில் ஆறையும் தேர்பவர் ஒரே ஆள். அணிலிடம் "குறுக்கே போய் அடி வாங்குகிறாயா?" என்று யாரும் கேட்கவில்லை. மனிதர்களை அப்படி அடுக்க ஆரம்பித்தால், பட்டியலைவிட மோசமான ஒன்று வந்துவிடும்: 'உனக்குப் பொருத்தமான இடம் இதுதான்' என்று சொல்லி ஒருவரைக் காலமெல்லாம் குனியவைப்பது. தோட்டங்களின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பயன்படாத நாளிலும் மனிதனுக்கு மதிப்பு உண்டு. பெட்டிக்குள் கிடக்கும் போக்கிமானுக்கு அது இல்லை. அதனால் இந்த விளையாட்டு நமக்கு வாழ்க்கைப் பாடம் எடுக்கட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பார்வையில் இருக்கிற ஒரு சோம்பலை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சோம்பல் விமர்சனத்திலும் இருக்கிறது. ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தால், நாலு கதை தேறும், மிச்சம் சுமார் என்று எழுதி முடித்துவிடுகிறோம். அந்தச் சுமாரான ஐந்தாவது கதை, நாலாவதின் இரைச்சலுக்குப் பிறகு வாசகனுக்கு மூச்சு கொடுக்கிறதா, ஆறாவதில் வரப்போகும் அடியை மறைத்துவைக்கிறதா என்று பார்ப்பதில்லை. பார்த்தபிறகும் அது மோசமான கதையாகவே இருக்கலாம். இருக்கட்டும். குறைந்தது அது அங்கே எதற்கு இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டு மார்க் போடலாம். கேட்டதற்கு எழுத்தாளர் "அதுல இருந்துச்சு" என்றால், அப்போது தாராளமாகக் கடைசி அடுக்கில் போடுங்கள். நானும் சேர்ந்து கை கொடுக்கிறேன்.